வீங்கிய கையும் வீங்காத கையும்

திருப்பதியில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரி. முதலாண்டு மாணவிகளை ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்புவதற்கு முன் எல்லாருக்கும் காசநோய்க்கான தோல் பரிசோதனை செய்தார்கள். முன்னங்கைத் தோலுக்குள் மெல்லிய ஊசியால் துளி மருந்து ஏற்றுவார்கள். கொசு கடித்ததுபோல ஒரு சின்ன மேடு எழும்பி அடங்கும். மூன்றாம் நாள் அந்த இடம் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சுஷ்மிதாவுக்கு மறுநாளே தடித்துவிட்டது. சித்தூரிலிருந்து வேலூர் போகும் வழியில், எல்லையோரத்துத் தமிழ்க் கிராமம் அவளுடையது. அப்பா மாந்தோப்புகளில் கூலிக்குப் போகிறவர். அம்மா பச்சையம்மாளுக்குச் சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை. அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் இவள்தான். வெள்ளைச் சீருடை தைத்து வந்த அன்று அதைப் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டியிருந்தாள்.

மூன்றாம் நாள் ஆசிரியை சிவசங்கரி கையில் ஸ்கேலோடு உட்கார்ந்திருந்தார். சுஷ்மிதாவின் கையைத் தடவிப் பார்த்தவர் இன்னொரு முறை அளந்தார்.

"வூட்ல யாருக்காவது டிபி இருந்துச்சா? நிஜம் செப்பு."

"சித்தப்பாவுக்கு இருந்துச்சு மேடம். நான் சின்னப் புள்ளயா இருக்கசொல்ல. மாத்திர துன்னு நல்லாயிட்டாரு."

சிவசங்கரி அதை உரக்கத் தெலுங்கில் திருப்பிச் சொன்னார், வரிசை முழுக்கக் கேட்கும்படி. பின்னால் நின்றவர்கள் விலகினார்கள். முதலில் விலகியவள் ரோஜா. பாகாலா ஊர்க்காரி, ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். இருவரும் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் வந்த நாளிலிருந்து ஒன்றாகவே சாப்பிட்டார்கள். ரோஜாவின் ஒல்லிக் கையில் ஊசி குத்திய தடம்கூட இல்லை. அவள் அதை எல்லாரிடமும் காட்டிச் சிரித்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் சுஷ்மிதாவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியும் பார்த்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. "கிருமி எப்பவோ உடம்புக்குள்ள வந்து தூங்கிக்கினு இருக்கு. உனுக்கு நோய் இல்ல, உன்னால யாருக்கும் ஒட்டாது. எழுந்துக்காம இருக்க மாத்திர தர்றேன்" என்றார் டாக்டர்.

ஹாஸ்டலுக்குத் திரும்பியபோது அவளுடைய பெட்டி, சமையலறைக்குப் பின்னால் காலி சிலிண்டர் வைக்கும் அறையில் கிடந்தது. அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர்; இரண்டிலும் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு. கோடு போட்டவள் ரோஜா. மற்றவர்கள் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை இவள் குழாயடிக்கு வரக்கூடாது என்று சொன்னவளும் அவள்தான்.

"நோய் இல்லன்னு டாக்டர் சொன்னாரு ரோஜா."

"அப்ப ஏன் மாத்திர துன்னுற?"

காலையில் மற்றவர்கள் வெள்ளைச் சீருடையில் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறுவார்கள். சுஷ்மிதா கல்லூரியிலேயே இருந்து பயிற்சி பொம்மைகளைத் துடைத்து அடுக்கினாள். அம்மா வந்து பிரின்ஸிபால் காலில் விழுந்தாள். பார்க்கலாம் என்றார்கள். வெளியே வந்ததும் அம்மா மகளைக் கன்னத்தில் அறைந்தாள். "சித்தப்பன் கதய உன்ன யாருடீ சொல்லச் சொன்னா?"

மழைக்காலத்தில் ரோஜா இருமத் தொடங்கினாள். மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடித்தாள். சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. வார்டு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் நம்பினார்கள். அவள் கைதான் வீங்கவில்லையே. ஒருநாள் நோயாளியின் படுக்கையில் விரிப்பு மாற்றும்போது இருமினாள். விரிப்பில் ரத்தம் விழுந்தது.

காசநோய், அதுவும் முற்றியது. ஊசி போட்டபோதே இருந்திருக்கும், உடம்பு அவ்வளவு மோசமாக இருந்தால் கை வீங்காமலே போகலாம் என்று டாக்டர் விளக்கினார். கேட்டுக்கொண்டு நின்றவர் சிவசங்கரி.

மறுநாள் ரோஜாவின் அம்மா செல்லியம்மா ஹாஸ்டல் முற்றத்துக்கு வந்தாள். சுஷ்மிதாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள். "எம் பொண்ணு பக்கத்துல படுத்துக்கினு நோயக் குடுத்துட்டியேடீ" என்று செருப்பால் அடித்தாள். மாணவிகள் வராந்தாவில் நின்று பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

கீழே கிடந்தபடியே சுஷ்மிதா சிவசங்கரியைப் பார்த்தாள். "மேடம், எனுக்கு நோய் இல்லன்னு டாக்டர் சொன்னத நீங்க சொல்லுங்க மேடம்."

"இப்ப எதுக்கும்மா? அந்தம்மா கோபம் தீரட்டும்" என்றார் சிவசங்கரி.

ரோஜாவின் நோயைப் பற்றி டாக்டர் சொன்னது என்ன என்று கடைசியில் சுஷ்மிதாவே அவரைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்த வாரமே, மற்ற பெண்களின் வீட்டார் பயப்படுகிறார்கள் என்று சொல்லிக் கல்லூரி அவளை வீட்டுக்கு அனுப்பியது. திரும்ப அழைக்கவில்லை. அவள் அம்மாவோடு கூழ் ஆலைக்குப் போனாள். பழம் கழுவும் தொட்டியடி ஈரத்தில் நாளெல்லாம் நின்று கால்விரல் இடுக்குகள் வெந்துபோயின.

ரோஜா மாத்திரைகளை முடித்துக் குணமாகி, அடுத்த பேட்ச்சில் மறுபடி சேர்ந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. செல்லியம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் அவளே கல்லூரியில் வந்து பேசுவாள் என்று சுஷ்மிதாவுக்குத் தோன்றியது. ஆலை விடுமுறையில் பாகாலாவுக்கு பஸ் ஏறினாள்.

செல்லியம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுஷ்மிதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: எக்ஸ்ரே, சளி, வீங்காத கை, டாக்டர் சொன்னது. செல்லியம்மா துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"தெரியும்மா. ஆஸ்பத்திரியில மொத நாளே எனுக்குச் சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சிக்கினே என்ன அடிச்சீங்களா?"

"எங்க வூட்லேர்ந்து வந்த நோயின்னு தெரிஞ்சா அவள யாரு கட்டுவான், யாரு படிக்க வெப்பான்? உனுக்கு எப்பிடியும் பேரு கெட்டுப்போச்சு. எம் பொண்ணாவது தப்பிக்கட்டும்னு பாத்தேன்." குரலில் கோபமில்லை. "வெயில்ல வந்திருக்க. உள்ள வா, டீ போடறேன்."

சுஷ்மிதா உள்ளே போகவில்லை. சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுக அழுதாள். பக்கத்து சீட்டுக்காரி என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றாள். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போனாள்.