வெண்டைக்குக் கிடைத்த வெயில்

தை மாதத்துப் பனி விலகும்போதே மண்ணைத் தயார் செய்துவிட வேண்டும். மாசி வெயில் ஏறிய பிறகு ஊன்றும் விதை தேறுவது கஷ்டம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தாவரவியலில் முதுகலை முடித்தவள் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். ஆனால் அந்தத் தை மாதம் மாடிக் கதவின் சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது.

எங்கள் வீடு வீரபாண்டிப் பக்கம். சந்துக்கு எதிரே வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் கட்டடம். அந்தப் பையன்கள் துணி காயப்போடுவார்கள், செல்போனில் ஊருக்குப் பேசுவார்கள். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அப்பாவுக்கு ஒரே பேச்சு: "வரன் அமையற வரைக்கும் ஊட்டுக்குள்ளயே இருக்கட்டும்." வேலைக்குப் போகிறேன் என்று வாயெடுத்தாலும் அதே பதில். தினமும் பஸ் ஏறிப் படிக்கப் போனவள், பட்டம் வாங்கியதும் இரண்டு அறைக்குள் வந்து சேர்ந்தேன்.

தோட்டம் போடுகிறேன் என்று கேட்டது கீரைக்காக அல்ல. மாடியில் நின்று நாலு பக்கமும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மருந்தடிக்காத காய் கிடைக்கும் என்றதும் அப்பா இறங்கி வந்தார். செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் அவரே வாங்கி வந்தார். நான் தேங்காய் நார்த்தூளைக் கலந்து தொட்டிகளை நிரப்பினேன். கொத்தமல்லியைத் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவினேன், வெண்டை விதையை ஊறவைத்து ஊன்றினேன். அம்மா கூடவே நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு ரோல் துணியோடு படியேறினார். பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். பின்னலில் ஊசிக்கோடு விழுந்ததால் கழித்துப்போட்ட கருநீலத் துணி அது. எங்கள் கைப்பிடிச்சுவர் முழங்கால் உயரம்தான். மூலைக்கு மூலை பைப் நட்டு, என் தலைக்கு மேல் ஒரு முழம் இருக்கும்படி சுற்றிலும் கட்டினார்.

"இனி எத்தன நேரம் வேணாலும் இருந்துக்க, கண்ணு."

அம்மா சுற்றிப் பார்த்தாள். "கல்யாணப் பந்தலாட்டம் இருக்குதுங்க. மாப்பிள்ளையத்தான் காணோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வானம் மட்டும் தெரிகிற இன்னோர் அறை கிடைத்திருந்தது.

முளைத்த வெண்டை வெளிறி, நூலாக நீண்டு சாய்ந்தது. அப்பாவை அழைத்துக் காட்டினேன்.

"தண்ணி பத்தலியா?"

"இல்லீங்கப்பா, வெயிலு பத்தல. காலை வெயில் பட்டாத்தான் தண்டு தடிக்கும். கெழக்குத் துணிய எடுத்தறலாங்க."

"ரோட்டுப் பக்கமா?" என்று யோசித்தார். பிறகு, துணியின் கனம் பார்ப்பதுபோலத் தண்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துப் பார்த்தார். "பாவம், எப்படி வாடிப்போச்சு!" என்றார். அந்தச் செடிமேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார். "வேலை செய்யறாப்புல உக்காரு, கண்ணு."

தொட்டியருகே குந்தினேன். என் உச்சந்தலைக்கு மேல் நாலு விரல் விட்டுத் துணியில் கோடு இழுத்தார். கோணலே இல்லாத கோடு. கத்தரியால் ஒரே போக்கில் வெட்டி, மேல்துண்டைச் சுருட்டிக்கொண்டார்.

"செடிக்கு வெயிலு வந்தாச்சு. நீ எந்திரிச்சு நிக்காத."

வெண்டை மெல்லத் தேறியது. தண்டு தடித்தது, மொட்டு விட்டது. சாவியைக் கொடுத்துவிட்டு அம்மா கீழேயே இருக்கத் தொடங்கினாள். முதல் மஞ்சள் பூ விரிந்த காலையில் படிக்கட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

"உக்காந்துட்டுத்தான இருக்கறே?"

"ஆமாங்கம்மா."

சாலையில் கம்பெனி பஸ் ஒன்று நின்றது. சாப்பாட்டுப் பையோடு பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பஸ் திரும்பி மறையும் வரை, பூவாளியைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்தேன்.