கடைசி வரிசையில் நின்றவர்

அவர் பல் செட் செய்கிறவர். மருத்துவர் அனுப்பும் அச்சில் மெழுகால் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக உட்கார வைப்பார். மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்பவர் வாய் புண்ணாகிவிடும். இவ்வளவு நிதானமான மனுஷனுக்குச் சீனத் தாவோக்காரர்களின் உள்சக்திப் பயிற்சியில் பைத்தியம் பிடித்தது எப்படி என்று அவர் மனைவிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பழைய புத்தகக் கடையில் படம் போட்ட புத்தகம் ஒன்று அகப்பட்டது. வினை அங்கேதான் ஆரம்பம். ஒன்று மூன்றாகி, மூன்று ஏழானது. முட்டியைச் சற்றே மடக்கி, பெரிய பானையைக் கட்டிக்கொண்டதுபோல் கைகளை வளைத்து, தொப்புளுக்குக் கீழே மனதை நிறுத்தி அசையாமல் நிற்க வேண்டும். நாளடைவில் ‘சீ’ என்னும் சக்தி உடம்புக்குள் ஓடுவது தெரியுமாம்.

“மரத்துக்குக் காபி வேணுமா?” என்பாள் மனைவி. மரம் வாய் திறக்காது.

ஞாயிறு காலை டயர் கடை மாடியில் வகுப்பு. நேற்றுச் சேர்ந்தவர்கள்கூட உள்ளங்கை சுடுகிறது, முதுகில் எறும்பு ஊர்கிறது என்று அளந்து விடுவார்கள். இவர் மட்டும், “எனக்கு ஒண்ணும் தெரியலீங்க மாஸ்டர்” என்பார். அந்த வாய்க்குப் பொய் வராது. முதல் ஆசிரியர் போய் இரண்டாமவர் வந்தும், பதினொரு வருடமாக இவருக்குக் கடைசி வரிசைதான். கேலி செய்தாலும் உள்ளுக்குள் மனைவிக்கு அது வலித்தது.

ஒரு ஞாயிறு தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தார்.

“வந்துடுச்சும்மா! வலது கை தானா ஆடுது. நான் ஆட்டல. மாஸ்டர் என்னை முன்வரிசைக்குக் கூப்பிட்டுட்டாரு!”

நின்று காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல மெல்ல ஆடின. மெழுகுக் கத்தியைப் பிடித்தால் நின்றுவிடுகிறது, கையைச் சும்மா விட்டால் வருகிறது, புத்தகத்தில் சொன்ன அதே அசைவு என்றார்.

அவள் கண் அந்த இரண்டு விரல்களிலேயே நின்றது. மருத்துவமனையில் நடுக்குவாதம் வந்த நரம்பு நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி கொடுப்பது அவள் வேலை. அந்த உருட்டலைத் தினமும் பார்க்கிறவள். யோசித்துப் பார்த்தால், நடக்கும்போது அவர் வலது கை வீசி எத்தனையோ நாளாயிற்று. புத்தக ஓரங்களில் அவர் எழுதும் குறிப்புகளும் பொடிப்பொடியாகச் சிறுத்துப் போயிருந்தன. வீட்டில் இருப்பதைக் கோட்டைவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

நான்கு ஞாயிறு வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. ஐந்தாவது ஞாயிறு, சட்டைப் பொத்தானோடு அவர் மல்லுக்கட்டுவதைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

“என்னங்க, அது சக்தி இல்ல. நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

சண்டை போடுவார் என்று நினைத்தாள். போடவில்லை. மறுநாள் கூடவே கிளம்பினார்.

மாத்திரை நன்றாகவே கேட்டது. இரண்டு மாதத்தில் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். விரல்கள் அடங்கிவிட்டன. மாஸ்டரிடமும் ஒளிக்காமல் சொன்னார். பரவாயில்லை, முன்வரிசையிலேயே நில்லுங்கள் என்றார் மாஸ்டர்.

ஒரு சனிக்கிழமை மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தபோது, அவர் அதை விழுங்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் காலையில ஒரு வேளை மட்டும் இத விட்டுடட்டுமா?”

“எதுக்குங்க?”

“நோய்தான்னு எனக்கும் தெரியும். ஆனா பதினொரு வருஷத்துல அது ஒண்ணுதானேம்மா வந்துச்சு.”

ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள் என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறவள் அவள்.

“சரிங்க” என்றாள்.