ஆதாம் என்றால் சிவப்பவன்

வெட்கத்தில் உங்கள் முகம் சிவந்து, அதை எதிரில் நிற்பவர் பார்த்ததுண்டா? கறுப்பாகவோ மாநிறமாகவோ பிறந்தவர் என்றால் யோசித்துச் சொல்லுங்கள். சிவப்பு வெளியே தெரியாவிட்டால் நீங்கள் ஆதாமின் பிள்ளை இல்லை. விலங்குகளோடு சேர்த்துப் படைக்கப்பட்டவர். கலிபோர்னியாவின் பாலைவன ஊரான லங்காஸ்டரில், ஆர்வல் லெக்னர் என்ற போதகர் ஐம்பதுகளில் ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

எபிரேய மொழியில் ஆதாம் என்ற சொல்லுக்குச் சிவப்போடு உறவு உண்டு. மண்ணோடும் உண்டு. லெக்னர் மண்ணை உதறிவிட்டு, வெள்ளைக்காரனின் கன்னத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். உண்மையான இஸ்ரவேலர் தாங்கள்தானாம். யூதர்கள் சாத்தானின் வித்தாம். போதகர் ஆவதற்கு முன் அவர் பழைய கார் விற்றவர். கத்தவே மாட்டார்; தேன் குரல். சபையில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ஆனால் அந்தக் குரல் டேப்பில் ஏறி ஒரிகானுக்கும் மிசிசிப்பிக்கும் போனது. அங்கே குடும்பம் குடும்பமாகச் சமையலறையில் உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் துப்பாக்கி வாங்கினார்கள்.

அந்த டேப்புகளை நகலெடுத்தவள் என் எதிர்வீட்டு வெல்டா கிராட்டி. பகலெல்லாம் விமானத் தொழிற்சாலையில் தகடுகளுக்குத் தறையாணி அடித்துவிட்டு வருவாள். சாப்பாட்டு மேசை மேல் இருந்த இயந்திரங்களை ஓடவிட்டு, கைக்கெட்டியதைத் தின்றபடி பொட்டலம் கட்டுவாள். கொடுமைக்காரி அல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தால் கோழி சூப் வரும். பிள்ளை இல்லாதவள். புருஷன் செத்தபோது வீடு தேடி வந்தவர் லெக்னர் ஒருவர்தான்.

அவள் வளர்த்த தம்பி லொய்ட், மெக்சிகோ வம்சத்தில் வந்த அமாலியாவைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு வெல்டா போகவில்லை. அவர்களுக்கு மகள் இனெஸ் பிறந்ததும் போனாள். அதன் பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. லொய்ட் கேட்டான்:

"எம்புள்ளைய உன் சபையில பிரதிஷ்டை பண்ணி ஆசீர்வதிப்பாங்களா அக்கா? அங்க அவளுக்கு இடமில்லன்னா, என் வீட்ல உனக்கும் இடமில்ல."

ஒருநாள் வெல்டா தெருவைத் தாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"பாப்பா அழுதாளா, மூஞ்சி அப்படியே தக்காளி! சிவக்குது! ஆதாம் ரத்தம்!"

"பசிச்சா எந்தக் குழந்தையும் சிவக்கும் வெல்டா."

"நீங்க சாமியே இல்லன்னு சொல்ற ஆளு. சும்மா இருங்க."

போதனை பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. குழந்தை அதில் தேறிவிடும் என்று தோன்றியது. அதுதான் அவள் தப்பு.

புதன்கிழமை ஜெபத்துக்கு முன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சபைக்குப் போனாள். அமாலியா காரிலேயே இருந்தாள். பின்கட்டில் லெக்னர் ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்தார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே இருந்தது. வெல்டா போர்வைக்குள் கைவிட்டு அதன் தொடையைக் கிள்ளினாள்.

குழந்தை வீறிட்டது.

"பாருங்க பாஸ்டர், எப்படிச் சிவக்குதுன்னு!"

லெக்னர் வாயைத் துடைத்துக்கொண்டார். "சிஸ்டர், நீங்க டேப்புல என் குரல நகல் எடுக்குறீங்க. அந்த டேப்பு நானா?"

"இல்ல பாஸ்டர்."

"சாத்தானும் நகல் எடுப்பான்."

"அப்போ நெசம் எது, நகல் எதுன்னு எப்படித் தெரியும்?"

"அத எங்கிட்ட விட்டுடுங்க."

இவ்வளவுதான் அவருடைய வேதம். தேறினால் தேர்வையே மாற்றிவிடுவார். தேர்வாளர் மட்டும் மாறமாட்டார்.

வீட்டில் துணி மாற்றும்போது அமாலியா நகத்தடத்தைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது?"

வெல்டாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அமாலியா கத்தவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே இவளத் தொடாதீங்க அண்ணி. போயிடுங்க."

லொய்ட் கதவைத் திறந்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

அடுத்த ஞாயிறு சளி பிடித்து வெல்டா சபைக்குப் போகவில்லை. டேப் மட்டும் வழக்கம்போல் வந்து சேர்ந்தது. இயந்திரத்தில் போட்டாள். 'ஒரு சகோதரி கள்ளச் சிவப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்' என்றது தேன் குரல். சபை சிரித்தது. அவளுக்குத் தெரிந்த சிரிப்புகள் எல்லாம் அதில் கேட்டன. வெல்டா நிறுத்தினாள். மறுநாள் இயந்திரங்களைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சபை வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

"அசதியா இருக்கு" என்றாள் என்னிடம்.

சபையிலிருந்து யாரும் அவளைத் தேடி வரவில்லை. ஒரு வாரத்துக்குள் வேறொரு வீட்டு மேசையில் அந்த இயந்திரங்கள் ஓடின. அந்தச் சிரிப்பும் ஊர் ஊராகப் போனது. லொய்ட் குடும்பத்தோடு வடக்கே போய்விட்டான். இனெஸுக்கு என்று வெல்டா வாங்கும் உடுப்புகளின் அளவு ஆண்டுக்கு ஆண்டு பெரிதானது. அனுப்ப விலாசம் இல்லை. சென்ற குளிர்காலத்தில் அவளைப் புதைத்தோம். நான்கு பேர் வந்திருந்தோம்.

லெக்னரும் செத்துவிட்டார். ஆனால் டேப்புகள் இப்போது கேசட்டுகளாகி, இன்னும் விலை இல்லாமல் வருகின்றன. வெவ்வேறு தேசங்களில், வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு கடவுள்களின் பேரில் வருகின்றன; உங்கள் வீட்டுக்கும் வரும். கொண்டுவந்து கொடுப்பவர் நல்லவராகத்தான் இருப்பார், உங்களுக்குச் சூப் கொடுத்தவராகக்கூட இருப்பார். சங்கடப்பட்டுக்கொண்டு வாங்கி வைக்காதீர்கள். அங்கேயே, அவர் முகத்துக்கு நேராக, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.