நிழல் விழாத அப்பா

போட்டோவைச் சாட்சியாக நம்பித்தான் அன்றைக்கு ஒரு அம்மாவை அவமானப்படுத்தினேன். செங்கல்பட்டு ஸ்டுடியோக்களுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த புதிது.

என் தங்கைக்கு வந்த வரனைப் பார்க்க, புதுப்பட்டினத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா இறந்து எட்டு வருஷம் ஆகிறதென்று தரகர் சொல்லியிருந்தார். ஆனால் கூடத்தில், கடல்காற்றில் ஆடிக்கொண்டிருந்த படத்தில், போன வருஷம்தான் கட்டிய அதே வீட்டு வாசலில், மகனின் பக்கத்தில், தரகர் காட்டிய பழைய குடும்பப் போட்டோவில் பார்த்த அதே அப்பா சிரித்தபடி நின்றார்.

எங்கோ இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறாரோ? காபியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்: "உயிரோட இருக்கிறவரை ஏங்கம்மா செத்துட்டாருன்னு சொல்றீங்க?"

மாப்பிள்ளை விருட்டென்று எழுந்தார். அவர் அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒட்டினது தம்பி. பழைய போட்டோவுலேர்ந்து எடுத்து ஸ்டுடியோக்காரன் நிக்கவெச்சிக் குடுத்தான். உத்துப் பாரு, அவரு காலுக்குக் கீழ நெழலு கீதா?"

மகனின் நிழல் படியில் நீளமாக விழுந்திருந்தது. அப்பாவுக்கு நிழலே இல்லை.

"ஆளு இல்லன்னு எனுக்குத் தெரியாதா? இந்த வூட்டப் பாக்காமயே பூட்டாரு. படத்துலயாச்சும் வாசப்படில நிக்கட்டுமேன்னுதான்."

நான் படத்தை விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"பொண்ணக் குடுக்கறதுன்னா குடு, இல்லன்னா போ. காபிய மட்டும் குடிச்சிடு, ஆறிகினு கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையைத் தவிர.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை இன்றும் என்னிடம் அளந்துதான் பேசுகிறார். அதன்பிறகு எந்தப் படத்தையும் நான் நம்புவதில்லை. ஆனால் அதை மாட்டிவைத்திருப்பவரிடம், இது நிஜமா என்று கேட்க நாக்கு எழுவதில்லை.