முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை

அம்மாவின் இடது மணிக்கட்டு ஒடிந்தது ஒரு புதன்கிழமை. திருப்பதியில் அவள் முகத்தைப் படம் எடுப்பதாக ஏற்பாடாகியிருந்தது அதே வாரத்துச் சனிக்கிழமை. இடைப்பட்ட நாட்களில் எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தில் அதிகம் பேசியவர் நைனா. ஜெயித்தவள் அம்மா. எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் யார் கட்சி என்று இருவருமே கேட்கவில்லை.

நைனா அரசு பஸ்ஸில் கண்டக்டர். சித்தூர் - திருப்பதி வழித்தடம். அம்மா மாம்பழ சீசனில் சித்தூரை அடுத்த கூழ் ஃபேக்டரிக்குப் போவாள். பெல்ட்டில் உருண்டு வரும் பழங்களில் அழுகலைப் பொறுக்கித் தள்ளுவது அவள் வேலை. சீசன் முடிந்தால் வீட்டில் ஜாக்கெட் தைப்பாள். இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது காரியம் ஒன்றும் அவளிடம் இருந்தது. எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒரு வருஷம் ஏரோது ராஜாவாக நடிக்க எந்த ஆணும் முன்வரவில்லை. அம்மா, நான் போடுகிறேன் என்று எழுந்து நின்றாள். பிள்ளைகளையெல்லாம் வெட்டச் சொல்லி அவள் போட்ட சத்தத்தில் முன்வரிசைக் கைக்குழந்தைகள் நிஜமாகவே அலறின. அடுத்த வருஷம் மரியாள் வேஷம் தரலாம் என்று பாஸ்டர் சமாதானமாகச் சொன்னார். ஏரோதே போதும் என்றுவிட்டாள் அம்மா.

அந்தச் சீசனில் ஃபேக்டரி முற்றத்தில் ஒரு தெலுங்குப் படத்துக்காக ஷூட்டிங் நடந்தது. கூடை தூக்கிப் போகும் பெண்களில் ஒருத்தி, யாரோ கூப்பிட்டதும் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். அம்மா திரும்பினாள். அவ்வளவுதான் காட்சி. முடிந்ததும் உதவி டைரக்டராக இருந்த ஒரு பெண் அவளிடம் வந்து, "அக்கா, மீ போட்டோலு பம்பிஞ்சண்டி" என்றாளாம். போட்டோ அனுப்பச் சொன்னதோடு எப்படிப்பட்ட போட்டோ வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். தனியாக இருக்க வேண்டும். முகம் மட்டும். பவுடர், பூ, நகை எதுவும் கூடாது. அதற்கு ஹெட்ஷாட் என்று பெயர்.

பக்கத்து வீட்டு அண்ணன் செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவான். எதிரியின் தலையில் சுடும்போதெல்லாம் அந்த வார்த்தையைத்தான் கத்துவான். அதனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா இரும்புப் பெட்டியைத் திறந்து ஆல்பங்களை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாண போட்டோவில் நைனாவோடு இருந்தாள். என் ஞானஸ்நானத்தில் என்னை ஏந்திக்கொண்டிருந்தாள். சபைப் பெண்கள் கூட்டத்தில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகமாக இருந்தாள். என் முதல் பிறந்தநாள் படங்களில் அவளுடைய கை மட்டும் இருந்தது, நான் விழுந்துவிடாமல் முதுகைத் தாங்கியபடி. கடைசியில் அவள் தனியாக இருந்த ஒரே படம் ஆதார் அட்டையில் கிடைத்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத்த அனுப்பனா பொணம் வேஷத்துக்குத்தான் கூப்புடுவாங்க" என்றாள்.

நடிகர்களுக்கென்றே படம் எடுக்கிற ஒருவர் ஐதராபாத்திலிருந்து எப்போதாவது திருப்பதிக்கு வருவார் என்று அந்த உதவி டைரக்டர் பெண்ணே தகவல் சொன்னாள். வருகிற சனிக்கிழமை இருப்பார். பிறகு எப்போது என்று தெரியாது. அம்மா பேசி நேரம் வாங்கினாள். அதற்குப் பிறகுதான் துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்தாள்.

நைனா லீவு போட்டுவிட்டுப் புத்தூருக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். கட்டு கட்டுகிறவர் மணிக்கட்டை இழுத்து நேராக்கும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிரக் கத்தவில்லை. முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணியைச் சுற்றி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டி, கழுத்திலிருந்து தூளி மாதிரித் தொங்கவிட்டார். ஃபேக்டரி வேலை இந்தச் சீசனுக்கு அவ்வளவுதான் என்றார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நைனா ஆரம்பித்தார். "கை ஒடஞ்சி கெடக்கறப்ப போட்டோ இன்னாத்துக்கு? அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

தையல் மிஷினுக்கு மோட்டார், நகரியில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்குப் போவது, பல்வலி எல்லாவற்றுக்கும் அம்மா கேட்டு வந்த பதில் இந்த அடுத்த மாதம்தான்.

"கைதான ஒடஞ்சிது," என்றாள் அம்மா. "மூஞ்சிக்கு ஒண்ணும் ஆவல."

"நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"ஏரோதா நின்னப்ப அந்த நாலு பேரும் முன்னாடிதான ஒக்காந்துகினு பாத்தாங்க."

வெள்ளிக்கிழமை வரை இது தொடர்ந்தது. நைனா சபையைச் சொன்னார், சொந்தக்காரர்களைச் சொன்னார், வீக்கத்தைச் சொன்னார். கடைசியில், நான் கூட வரமாட்டேன் என்றார். வர வேண்டாம் என்றாள் அம்மா.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு அக்கா வந்து புடவைக்கு மடிப்பு வைத்தாள். தலையை நான் வாரினேன். வகிடு கோணலாகத்தான் வந்தது. என்னை விட்டுவிட்டுப் போக இடமில்லாததால் நானும் புறப்பட்டேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அம்மா எதிலும் ஏறவில்லை. ஏன் என்று கேட்டேன். நைனாவின் பஸ் வந்ததும் ஏறினாள்.

நைனா எங்களைப் பார்த்தார். முன்பின் தெரியாத பயணிகளிடம் போலவே, டிக்கெட் மிஷினை நீட்டிக்கொண்டு, "எங்க?" என்றார்.

"திருப்பதி. ஒண்ணு, ஒரு அரை," என்றாள் அம்மா.

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு, பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருந்த ஓர் ஆளை எழுப்பி, அடிபட்ட கை ஜன்னல் பக்கம் பத்திரமாக இருக்கும்படி அம்மாவை உட்கார வைத்தார். பாகாலா, சந்திரகிரி எல்லாம் தாண்டிய பிறகும் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்பும் டிரைவரிடம், "அண்ணா, மெல்லகா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். திருப்பதியில் இறங்கியதும் தானே ஆட்டோ பிடித்து, கை ஒடிந்திருக்கிறது, பார்த்துப் போ என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார்.

ஸ்டூடியோ ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி அருவிப் படமோ மலைப் படமோ அங்கே இல்லை. ஒரு சாம்பல் நிறத் துணி, ஒரு பெரிய ஜன்னல், ஒரு ஸ்டூல். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். மதனப்பள்ளியிலிருந்து வந்த தாடிக்கார இளைஞன் ஒருவன் கண்ணாடியைப் பார்த்து முறைத்துப் பழகிக்கொண்டிருந்தான். நடனம் படிக்கிற பெண் ஒருத்தி இட்ட மையைக் கழுவிவிட்டு வரச் சொன்னதற்காக அழுதுகொண்டிருந்தாள்.

அம்மாவின் முறை வந்தது. போட்டோ எடுப்பவர் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். தூளியைப் பார்த்ததும் கேமராவைக் கீழே வைத்துவிட்டார்.

"கட்டு படத்துல வராதும்மா. ஆனா வலி மூஞ்சில தெரியுது. கை சரியானப்புறம் வாங்க."

"தெரியுதுன்னா நான் நடிக்கறது பத்தலன்னு அர்த்தம்," என்றாள் அம்மா. "எடுங்க. மறுக்கா தெரிஞ்சா நானே எழுந்து போய்டறேன்."

அவர் சிரித்துக்கொண்டே கேமராவை எடுத்தார். முதலில் எடுத்தவற்றைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் எடுத்தார். வலி தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வேறொன்று சரியில்லை. எத்தனை தடவை லென்ஸைப் பார்க்கச் சொன்னாலும் அம்மாவின் கண், மூலையில் உட்கார்ந்திருந்த என் பக்கம் ஒருமுறை வந்துவிட்டுத்தான் போனது. எனக்குப் பசிக்கிறதா, ஒயரைக் காலில் சுற்றிக்கொள்கிறேனா என்று பார்க்கிற பார்வை.

"பாப்பா வெளிய இருக்கட்டும்," என்றார் அவர்.

நான் மாட்டேன் என்றேன். அம்மா என் பக்கம் சாய்வாள் என்று நிச்சயமாக நம்பினேன். அவள், "போம்மா. கதவுகிட்ட குந்து," என்றாள். தாடிக்காரன் என் கையைப் பிடித்து அழைத்துப்போனான். கதவு சாத்தப்பட்டது. என் வாழ்க்கையில் அம்மா உள்ளே இருக்கும்போது என்னை வெளியே வைத்துச் சாத்திய முதல் கதவு அதுதான்.

கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

"நீங்க யாரும்மா?" என்றார் அவர்.

"வெளிய கீதே, அந்தப் பொண்ணுக்கு அம்மா."

"அது தெரியும். வேற?"

"கண்டக்டர் வீட்டுக்காரி."

"வேற?"

அதற்கு அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. எதுவும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ரயில் ஒன்று ஸ்டேஷனுக்குள் வந்து நிற்கிற ஓசை கேட்டது. பிறகு கேமராவின் சத்தம், விட்டு விட்டு, அவசரமில்லாமல்.

என்னை உள்ளே கூப்பிட்டபோது கம்ப்யூட்டர் திரை முழுக்க ஒரு பெண் இருந்தாள். அம்மாவின் மூக்குத்தித் துளை, கன்னத்து மச்சம், நான் எடுத்த கோணல் வகிடு எல்லாம் இருந்தன. ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை. யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பேசுவதற்குத் தன் முறை வந்துவிட்டது, எப்போது பேசுவது என்பதை மட்டும் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்பது போல நேராகப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியும் என்பதற்கான அடையாளம் எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"இது அம்மா இல்ல," என்று அழுதுவிட்டேன்.

அவர் சங்கடத்தோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். வேறு படம் காட்டட்டுமா என்றார். அம்மா என்னை நல்ல கையால் அணைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"வேணாம். இதயே குடுங்க."

பிறகு நடந்தது ஒன்றும் அதிசயமில்லை. அந்த உதவி டைரக்டர் பெண் அடுத்த படத்துக்குக் கூப்பிடுவதாகச் சொன்னவள் கூப்பிடவே இல்லை. அம்மா அதே படத்தை வேறு இடங்களுக்கு அனுப்பினாள். பதில் வராத இடங்களுக்கு மறுபடியும் அனுப்பினாள். ஒரு சீரியலில் தாலுகா ஆபீஸ் பெண்ணாக நடித்து, "ரேப்பு ரண்டி" என்று விவசாயியை நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். எங்கள் தெரு மொத்தமும் டிவி முன்னால் உட்கார்ந்து அந்த இரண்டு சொல்லைக் கேட்டது. இப்போது ஜட்ஜ், ஹாஸ்டல் வார்டன், ஹீரோவைத் திட்டுகிற பெரியம்மா என்று மாதத்தில் பாதி நாள் ஐதராபாத்தில் இருக்கிறாள். கை கூடிவிட்டது, லேசான கோணலோடு.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நைனா டூட்டி முடிந்து வந்து பையை மாட்டிவிட்டு நின்றார். எப்படிப் போனது என்று கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அம்மாவும் தானாகச் சொல்லவில்லை. ஒற்றைக் கையால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு நியாயஸ்தர் தேவைப்பட்டார். போட்டோ பிரதியை உறையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"நைனா, இது அம்மா இல்ல. வேற யாரோ. அம்மா இதத்தான் வேணும்னு வாங்கினு வந்துச்சி."

அவர் வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார். சட்டையைக்கூட மாற்றாமல் வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்மே இவள," என்றார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி பாத்துகீறேன்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

அன்று மத்தியானம் எடுத்த படத்தை நைனா ஏன் இவ்வளவு பழையது என்று நினைக்கிறார் என எனக்கு விளங்கவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே வந்த அலுப்பு போலிருக்கிறது என்று, "இன்னிக்கு எடுத்தது நைனா," என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். படத்தை மட்டும் என்னிடம் திருப்பித் தரவில்லை.