சுவருக்கு அந்தப் பக்கம்

பதுளையில் பழைய ஸ்பீக்கர் வாங்கப் போயிருந்தேன். கையிலிருந்த காசுக்கு ஒரு சோடிதான் தேறியது. கடைக்காரர் பாட்டைப் போட்டதும் மரப்பெட்டி லேசாக அதிர்ந்தது.

அந்த அதிர்வு என்னை ஹாலிஎல தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் கொண்டுபோய் விட்டது. அப்பா ரேடியோ ஸ்பீக்கரைக் கழற்றி, அம்மாவின் மண்பானை வாயில் கவிழ்த்து வைப்பார். பாட்டு கனமாகிவிடும், ஈரமண் வாசமும் கூடவே வரும். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரை எட்டாது. அந்தப் பக்கம் ரொட்டி தட்டிக்கொண்டே செல்லம்மா அத்தை குரல் கொடுப்பார்:

"அண்ணே, கொஞ்சம் கூட்டி வைங்க. நானும் கேக்குறேன்ல."

கடைக்காரர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "பயப்படாம எடுங்க. பக்கத்து வீட்டுக்குச் சத்தமே போகாதுங்க."

"போற மாதிரி ஒண்ணு இருக்குங்களா?" என்று கேட்டேன்.