ராக்கெட்டுக்கு நட்ட கொடிகள்

குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்தில் ராக்கெட் தளத்துக்கு நிலம் அளக்க வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. வந்த அதிகாரி ஜீப்பின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்துப் பொறுமையாக விளக்கினார். இங்கிருந்து விட்டால் ராக்கெட் நேரே தெற்கே கடல்மேல் போய்விடுமாம். வடக்கே உள்ள பழைய தளத்திலிருந்து போவதுபோல இலங்கையைச் சுற்றி வளைய வேண்டாமாம். கடலோரத்தில் ஏவுமேடை, உள்ளே தள்ளி ராக்கெட்டைப் பூட்டும் கூடம், கட்டுப்பாட்டு அறை, எல்லாவற்றையும் சுற்றி வேலி.

வேலி வரும் இடத்தில் சிவப்புக் கொடி கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். அந்த வரிசை எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவே போயிற்று. அத்தை, அப்பாவின் அக்கா. தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்குத் துணி தைத்துக்கொடுத்துத் தனியாக வாழ்ந்தாள். அவள் வீடு உள்ளே, எங்கள் வீடு வெளியே.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தை வீட்டுக்கு மட்டும் ராக்கெட் வருது, நமக்கு ஏன் வரல?" என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் மூன்று குச்சிகளைப் பிடுங்கி, எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் நட்டேன். இப்போது நாங்களும் உள்ளே. அம்மா பார்த்துவிட்டாள். விளக்குமாற்றோடு ஓடிவந்தாள்.

"குடியக் கெடுக்கப் பாக்கியா, ஏளா?"

சத்தம் கேட்டு அத்தை தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தாள். "பிள்ளைய எதுக்கு அடிக்க? என்னைய விட்டுப் பிரியக்கூடாதுன்னு செஞ்சிருக்கா."

நான் அப்படியெல்லாம் நினைக்கவில்லை. ஆனால் அடி நின்றதால் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அவங்க வந்து கேட்டா என்ன மைனி சொல்ல?" என்று அம்மா அழுதாள்.

அத்தை மூன்று குச்சிகளையும் பிடுங்கினாள். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வீடுகளுக்கும் நடுவே வெகுநேரம் நின்றாள். தன் வீட்டைத் தாண்டிக் கடல் பக்கம் பார்த்தாள். பிறகு எங்கள் வாசலைப் பார்த்தாள்.

"அங்கன இல்ல அத்தை, இங்கனதான் குழி இருக்கு" என்றேன்.

"ஆமா, மக்கா" என்று பழைய குழிகளிலேயே ஊன்றி, காலால் மண்ணை மிதித்து இறுக்கினாள்.

அடுத்த நாள் வந்தவர்கள் முக்காலியில் வைத்த கருவியால்தான் அளந்தார்கள். கொடிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு வேலிக்குள் வந்த வீடுகளை எடுத்துக்கொண்டார்கள்; அத்தை தூரத்து டவுனில், மில்லர்புரத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனாள்.

அன்று அவள் அவ்வளவு நேரம் நின்றது எனக்கு விளங்கவில்லை. குழி எங்கே என்று தெரியாமல் தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.